லின்டர் வாய் திறக்காத இருபத்தொரு நாட்கள்

அந்த அலுவலகத்தில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரே கணினி, மாப்பிள்ளை கை வைத்த பத்தாவது நிமிடத்தில் நின்றது.

அவனைக் கேட்டால் தப்பாக எதுவும் செய்யவில்லை என்றுதான் சொல்வான். டெஸ்டர் பெண்ணின் நாற்காலியில் உட்கார்ந்தான். 'டிஸ்க்கில் இடம் இல்லை' என்று திரையின் ஓரத்தில் ஒரு எச்சரிக்கை எட்டிப் பார்த்தது. ஆறு மாதமாக யாரும் தொடாத பழைய ஃபோல்டர் ஒன்று மேலே குண்டாகக் குந்தியிருந்தது. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் கலைந்து கிடக்கும் செய்தித்தாளைக்கூட மடித்து வைக்கும் நல்ல சுபாவம் அவனுடையது. அழித்தான். அழித்த கையோடு, "எங்கே, இன்னொரு தடவை ஓட்டிக் காட்டுங்க" என்றான்.

அவள் ஓட்டினாள். திரை கறுத்தது. நடுவில் சிவப்பாக ஒரு வரி: 'நாழி' என்ற பேக்கேஜைக் காணவில்லை.

டெஸ்டர் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இப்பதான் ஓடிச்சு. உங்க கண் முன்னாடியே ஓடிச்சு."

"ஓடிச்சுங்க. நான் சாட்சி."

"சாட்சிதான் இப்ப அதை நிறுத்திட்டீங்களே."

மூலையில் உட்கார்ந்து ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்த அத்தை தலை நிமிரவில்லை. "மாப்பிள்ளை, காலையிலேருந்து அலைஞ்சு களைச்சுப் போயிருப்பீங்க. அந்த ஜன்னல் பக்கம் காத்து நல்லா வருது. அங்க போய் உட்காருங்க. பிளக் போட்டிருக்கிற எதையும் தொடாதீங்க."

கல்யாணமாகி ஏழு வருடத்தில் மாமியார் அவனிடம் ஒருமுறைகூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. திட்டுவதெல்லாம் 'ங்க' போட்டுத்தான்.

அத்தை முப்பது வருடம், மரச்சாமான் செய்து பார்சலில் அனுப்பும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தவர். அலமாரி வந்தது, திருகாணி வரவில்லை. கட்டில் வந்தது, ஒரு கால் வரவில்லை. அனுப்பினவர் 'வைத்தேன்' என்பார், பிரித்தவர் 'இல்லை' என்பார். குரலை வைத்தே யார் பக்கம் ஓட்டை என்று சொல்லிவிடுவார் அத்தை. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், அனுப்பிய இடத்தில் ஓடி, போன இடத்தில் ஓடாத மென்பொருள்களைத் துப்பறியக் கிளம்பினார். "அதுவும் பெட்டிதானே" என்பது அவர் வாதம். அத்தைக்கு ஒரு வரி கோட் எழுதத் தெரியாது. மாப்பிள்ளைக்கு எழுதத் தெரியும்; மனிதர்களைப் படிக்கத்தான் தெரியாது. பழைய கம்பெனியிலிருந்து அவன் வெளியே வந்த கதையிலும் ஒரு ஃபோல்டர் அழிந்தது உண்டு. இரண்டு பேரும் சேர்ந்தால் முழுசாக ஒரு ஆள் தேறும் என்பது அவன் மனைவியின் கணக்கு. அதில் தன் பங்கு எவ்வளவு என்று அவன் இதுவரை கேட்டதில்லை.

இந்தத் தடவை வழக்கு ஒரு டோக்கன் பலகை.

மருத்துவமனைகளில் 'அடுத்த எண் நாற்பத்திரண்டு, காத்திருப்பு எட்டு நிமிடம்' என்று காட்டுமே, அந்தப் பலகைக்கான மென்பொருளை எழுதி வெளியிடுவது இந்த ஒன்பது பேர் அலுவலகம். புதிய பதிப்பு வெளியாகி ஐந்து நாள். இறக்கிப் போட்ட நான்கு மருத்துவமனைகளிலும் பலகை இருண்டு கிடந்தது. அதில் ஒன்று காது மருத்துவமனை. பலகை இல்லாததால் நர்ஸ் எண்களைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தார். காது கேட்கவில்லை என்று வந்து உட்கார்ந்திருந்தவர்களிடம்.

"அதுல சிரிக்க என்ன இருக்கு" என்று காலையில் கேட்டிருந்தாள் டெஸ்டர் பெண். மாப்பிள்ளை சிரிப்பை மென்று முழுங்கியிருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் இருந்தது. வெளியிடும் முன்பு, வாடிக்கையாளர் எப்படி இறக்குவாரோ அப்படியே ஒரு காலி ஃபோல்டரில் இறக்கி ஓட்டிப் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போட வேண்டியது அவள் வேலை. போட்டிருந்தாள். ஆனால் முதலாளி தன் கணினியில் இறக்கினால் ஓடவில்லை. வரவேற்பறைக் கணினியிலும் ஓடவில்லை. அவளுடையதில் மட்டும்தான் ஓடியது. அவள் ஓட்டிப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு தன் கணினியில் மட்டும் எதையோ ஒப்பேற்றி வைத்திருக்கிறாள் என்று அலுவலகம் பேசிக்கொண்டது. மூன்று மணிக்கு முதலாளி முடிவு சொல்வதாக இருந்தது. அவள் பக்கம் பேச இருந்த ஒரே சாட்சி, ஓடுகிற அந்தக் கணினி.

அதைத்தான் மாப்பிள்ளை சுத்தம் செய்திருந்தான்.

முதலாளி அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். எந்த வாக்கியத்தையும் முடிக்கும் பழக்கம் இல்லாத மனிதர். காலையில் மாப்பிள்ளை "எங்க உட்காரலாம் சார்" என்று கேட்டதற்கு, "உட்காரணும்னா, அது வந்து, இடம்தானே" என்று சொல்லிவிட்டுப் போனவர். மாப்பிள்ளை கால் மணி நேரம் நின்றான்.

இப்போது கறுத்த திரையைப் பார்த்தார். "ஓ. அப்ப இதுலயும்…"

"இது நான் பண்ணினது சார்" என்றான் மாப்பிள்ளை. "அவங்க இல்லை."

"நீங்க பண்ணினதா. அப்படின்னா…"

"சார், இவங்களை அனுப்பப் போறீங்களா?"

"அனுப்பறதுன்னா, பாருங்க, வெளியிடறதுக்கு முன்னாடி ரெண்டு காவல். ஒண்ணு இவங்க. இன்னொண்ணு லின்டர். அது மெஷின்." சுவரைக் கை காட்டினார். "இருபத்தொரு நாளா ஒரு புகார்கூட இல்லை. மெஷின் பொய் சொல்லாதில்லையா. அப்ப மிச்சம் இருக்கிறது…"

மிச்சத்தைச் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பச்சை மார்க்கரில், பார்த்துப் பார்த்து எழுதிய கையெழுத்து: 'லின்டர் புகார்: 0. நாள்: 21.'

"லின்டர்னா?" என்றார் அத்தை. தெரிந்த விஷயத்தையே அடுத்தவர் வாயால் கேட்பது அவர் வழக்கம்.

"கோட் எதையும் ஓட்டாம, எழுதினதை வரிவரியா படிச்சே குறை சொல்ற புரோகிராம், அத்தை. இங்க இடம் விட்டிருக்கே, அங்க பேர் வெச்சிட்டுப் பயன்படுத்தலையே, பட்டியல்ல இல்லாத பேக்கேஜைக் கூப்பிடறியேன்னு தொணதொணன்னு சொல்லிட்டே இருக்கும்."

"நல்ல பழக்கம்தான். நம்ம வீட்டுல அந்த வேலையை நான்தானே பார்க்கிறேன்." அத்தை தான் படித்துக்கொண்டிருந்த தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். "சரி மாப்பிள்ளை. நீங்க அழிச்சது என்ன?"

"பழைய குப்பை அத்தை."

"குப்பைன்னு நான் கேட்கலையே. உள்ளே என்ன இருந்துச்சு?"

மாப்பிள்ளை நினைவுபடுத்திப் பார்த்தான். யாரோ எப்போதோ செய்து பார்த்த விளையாட்டு ஒன்று. அதற்காக இறக்கிய பேக்கேஜ்கள், அதாவது மற்றவர்கள் எழுதித் தயாராக வைத்த கோட் துண்டுகள், நூறு இருநூறு. அதில் வண்ணம், எழுத்துரு, கடிகாரம்…

எழுந்து நின்றுவிட்டான்.

"நாழி" என்றான். "அதுல நாழி இருந்துச்சு அத்தை."

"உட்கார்ந்தே சொல்லலாம்."

"இந்த டோக்கன் பலகை காத்திருப்பு நேரம் காட்ட 'நாழி'ன்னு ஒரு குட்டிக் கடிகார பேக்கேஜைக் கூப்பிடுது. தன்னோட ஃபோல்டர்ல இல்லைன்னா மேல் ஃபோல்டர்ல போய்த் தேடும். அங்கயும் இல்லைன்னா அதுக்கும் மேல. இவங்க காலி ஃபோல்டரை எங்க உண்டாக்கினாங்கன்னா, அந்தப் பழைய குப்பை கிடந்த அதே மேல் ஃபோல்டருக்குள்ளே."

"நம்ம வீட்டுல சுத்தியல் இல்லைன்னா மாடி வீட்டுல போய்க் கேட்கிற மாதிரி."

"கேட்கவெல்லாம் கேட்காது அத்தை. எடுத்துக்கும்."

"அப்ப நம்ம சொந்தக்காரங்க எழுதினதுதான்."

டெஸ்டர் பெண் மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் நிஜமாவே ஓட்டித்தான் பார்த்தேன். நிஜமாவே ஓடிச்சு."

"நிஜமாவே ஓடிச்சும்மா" என்றார் அத்தை. "மாடி வீட்டுக்காரர் தயவுல."

மாப்பிள்ளை நாழியை மட்டும் இறக்கி மேல் ஃபோல்டரில் வைத்தான். பலகை எரிந்தது: அடுத்த எண் ஒன்று, காத்திருப்பு எட்டு நிமிடம். எடுத்தான். அணைந்தது. வைத்தான், எடுத்தான். நான்காவது முறை அத்தை இருமினார். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

அவள் இதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க அழிக்காம இருந்திருந்தா இது தெரிஞ்சே இருக்காது" என்றாள்.

இப்படி ஒரு பாராட்டு அவன் வாழ்க்கையில் முதல் தடவை. நெஞ்சை நிமிர்த்தினான்.

"அதையே பிழைப்பா வெச்சுக்காதீங்க" என்றார் அத்தை.

கதை அத்துடன் முடிந்ததென்று மாப்பிள்ளை பையைத் தோளில் மாட்டினான். அத்தை எழுந்திருக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு காவல்னாரே அவர். ஒரு காவல் ஏன் ஏமாந்துச்சுன்னு தெரிஞ்சு போச்சு. இன்னொரு காவல்?"

"லின்டரா?"

"பட்டியல்ல இல்லாததைக் கூப்பிட்டா கத்தும்னீங்களே. ஏன் கத்தலை?"

மாப்பிள்ளை பையைக் கழற்றினான்.

அடுத்த அறையில் சீனியர் இருந்தார். மென்பொருளின் பெரும்பகுதியை எழுதியவர்; காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமலே பேசுகிற ஆள். கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்தது.

"பட்டியல்ல நாழி இருக்கே. நானே பார்த்தேன்."

"எந்தப் பட்டியல்ல?" என்றார் அத்தை.

சீனியர் ஒரு காதை மட்டும் விடுவித்தார்.

"எங்க கம்பெனியிலயும் ரெண்டு பட்டியல் உண்டு தம்பி" என்றார் அத்தை. "ஒண்ணு பெட்டிப் பட்டியல். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போறது. அலமாரிப் பலகை, திருகாணி, கைப்பிடி. இன்னொண்ணு பட்டறைப் பட்டியல். செய்யறதுக்கு மட்டும் வேணும், கூடப் போகாது. ரம்பம், அளவு நாடா. உங்க நாழி எதுல இருக்கு?"

சீனியர் இன்னொரு காதையும் விடுவித்தார். விசைப்பலகையில் ஏதோ தட்டினார். 

"பட்டறையில" என்றார்.

"யார் மாத்தினது?"

"அது…" முதலாளியின் காற்று இவர் மேலும் அடித்திருந்தது. பிறகு தேறிக்கொண்டார். "நான்தான். ஒன்பது நாளைக்கு முன்னாடி. இறக்க ரொம்ப நேரம் ஆகுது, பெட்டியை இளைக்க வைங்கன்னு சார் சொன்னார். நாழி சோதனைக்கு மட்டும்தான் பயன்படுதுன்னு நினைச்சுப் பட்டறைப் பக்கம் தள்ளினேன். கோட் எழுதற என் கணினியில ரெண்டு பட்டியலும் இறங்கும், அதனால எனக்கு வித்தியாசம் தெரியலை. ஆனா நான் கண்ணை மூடிட்டுச் செய்யலை. தள்ளின உடனே லின்டரை ஓட்டினேன். தப்பா இருந்தா அது கத்தியிருக்கணும். 'ஒரு ஃபைல் பட்டறைச் சாமானையோ, எந்தப் பட்டியல்லயும் இல்லாததையோ கூப்பிடுது'ன்னு கத்தறதுக்குன்னே ஒரு விதி போட்டு வெச்சிருக்கோம். ஒரு சத்தம் இல்லை. சரின்னு விட்டேன்."

பொய் சொல்கிற குரல் இல்லை அது. மாப்பிள்ளைக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"சரி" என்றார் அத்தை. "சுவத்துல இருபத்தொரு நாள்னு எழுதியிருக்கு. இருபத்திரண்டாவது நாள் என்ன?"

"புரியலைங்க."

"பூஜ்ஜியத்துக்கு முந்தின நாள். அன்னைக்கு எத்தனை புகார்?"

சீனியர் தேடினார். "நூத்திப் பன்னிரண்டு."

"அடுத்த நாள்?"

"பூஜ்ஜியம்."

"ஒரே நாள்ல நூத்திப் பன்னிரண்டு தப்பைத் திருத்தியிருக்கீங்க. யாருன்னு சொல்லுங்க, கை குலுக்கிட்டுப் போறேன்."

சீனியர் யோசித்தார். "நான் திருத்தலை. யாரோ திருத்தியிருக்காங்கன்னு நினைச்சேன். சுவத்துல எழுதினதும் எல்லாரும் கை தட்டினோம்."

அத்தை தலையசைத்தார். "எங்களுக்கு நாப்பது கிளை. அதுல ஒரு கிளையிலேருந்து மட்டும் ரெண்டு மாசமா புகாரே இல்லை. சிறந்த கிளைன்னு கேடயம் கொடுக்கறதுக்காகப் போனேன். புகார்ப் பெட்டி வாசல்ல மாட்டியிருந்துச்சு. ஆனா முன்னாடி ஒரு பீரோவை நகர்த்தி வெச்சிருந்தாங்க. கை நுழையாது."

"கேடயம்?" என்றான் மாப்பிள்ளை.

"திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன். நம்ம வீட்டுல ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது அதுதான்." அத்தை அவன் பக்கம் திரும்பினார். "இங்க பீரோ எங்க இருக்குன்னு பாருங்க மாப்பிள்ளை. நகர்த்தாதீங்க, பாருங்க."

லின்டருக்கு எதைப் பார், எதை விடு என்று சொல்லும் ஃபைல் ஒன்று உண்டு. மாப்பிள்ளை அதைத் திறந்தான். இருபது வரி. பதினாலாவது வரியில் கண் நின்றது.

பட்டறைச் சாமான் விதிக்கு விலக்கு. எந்த ஃபோல்டருக்கு என்று கேட்கும் இடத்தில், எல்லா ஃபோல்டருக்கும் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு, ஒரே வார்த்தை: 'இப்போதைக்கு.'

கோட் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் அந்த வார்த்தை தெரியும். மாப்பிள்ளையும் எழுதியிருக்கிறான். அவன் பழைய கம்பெனியில் ஒரு 'இப்போதைக்கு' நான்கு வருடமாக இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டும் பட்டனை அழுத்தினான். தேதி: இருபத்தொரு நாளுக்கு முன்பு. பக்கத்தில் பெயர்.

அவன் அந்தப் பெயரைப் படித்தான். பிறகு நிமிர்ந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தான். டெஸ்டர் பெண் தன் மேசையில் நாலு நாளைக்குப் பிறகு முதல் தடவையாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை திரையை லேசாகத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டான்.

"யாருங்க?" என்றார் சீனியர்.

"பேர் சரியாத் தெரியலை. எழுத்து சின்னதா இருக்கு."

"பெரிசு பண்ணலாமே."

"இந்தக் கணினி கொஞ்சம் பழசு."

"போன மாசம்தான் வாங்கினோம்."

அத்தை அவனையே பார்த்தார். பொய் சொல்லும்போது மாப்பிள்ளையின் வலது காது சிவந்துவிடும் என்பது அவனைத் தவிர குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"மூணு மணி ஆகப் போகுது" என்றார் கடைசியில். "வாங்க, அவர் அறைக்குப் போவோம். அந்தப் பொண்ணையும் கூப்பிடுங்க."

போகிற வழியில் மாப்பிள்ளை அத்தையின் தோளருகே குனிந்தான். "அத்தை, சுருக்கமா முடிச்சுக்கலாம். ஓட்டித்தான் பார்த்தாங்கன்னு நிரூபிச்சாச்சு. லின்டரைப் பத்தி ஒரு பொதுவான அறிவுரை…"

"யாருக்கு?"

"பொதுவா."

"பொதுவா சொன்ன அறிவுரையை நீங்க இதுவரைக்கும் கேட்டிருக்கீங்களா மாப்பிள்ளை?"

முதலாளியின் அறையில் நாற்காலிகள் போதாமல் மாப்பிள்ளை ஒரு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தான். அத்தை முதல் பாதியைச் சொன்னார்: மாடி வீடு, சுத்தியல், நாழி. சீனியர் இரண்டு பட்டியலைச் சொன்னார். முதலாளி கேட்டுக்கொண்டே வந்தார்.

"அப்ப இவங்க ஓட்டித்தான் பார்த்திருக்காங்க."

"ஆமா."

"லின்டர் ஏன் கத்தலை?"

அவர் முழுசாகக் கேட்ட முதல் கேள்வி. அத்தை, பதில் உங்களுடையது என்பது போல மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் செருப்பைப் பார்த்தான்.

"ஒரு வரி சார். தற்காலிகமா யாரோ போட்டது. யாருன்னு பார்த்து என்ன ஆகப் போகுது, இந்த மாதிரி எல்லா இடத்துலயும்…"

"என்ன வரி?" என்றாள் டெஸ்டர் பெண்.

மாப்பிள்ளை தன் மடிக்கணினியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"பட்டறைச் சாமான் விதிக்கு விலக்கா?"

அவள் கையிலிருந்த பச்சை மார்க்கரின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"அது நான்தான்" என்றாள். "நூத்திப் பன்னிரண்டும் என் டெஸ்ட் ஃபைல்களைப் பத்தின புகார். அதுங்க பட்டறைச் சாமானைத்தான் கூப்பிடணும், அதுல தப்பே இல்லை. ஆனா தினமும் நூத்திப் பன்னிரண்டு வந்தா யாரு படிப்பாங்க? நிஜமான புகார் ஒண்ணு நடுவுல மாட்டிக்கிட்டா தெரியாதேன்னுதான் விலக்கு கொடுத்தேன். என் ஃபைல்களுக்கு மட்டும்தான் கொடுக்கணும். அது ஒவ்வொரு ஃபோல்டரா சிதறிக் கிடந்துச்சு. எல்லாத்துக்கும்னு ஒரு வரி எழுதிட்டு, அடுத்த நாள் குறுக்கிக்கலாம்னு…" மூச்சு வாங்கினாள். "அடுத்த நாள் சுவத்துல பூஜ்ஜியம்னு எழுதினேன். எல்லாரும் கை தட்டினாங்க. மறந்துட்டேன்."

இரண்டு மணி நேரம் முன்பு மாப்பிள்ளை அவளைக் காப்பாற்றியிருந்தான். இப்போது அவனே பிடித்தும் கொடுத்துவிட்டான். காது சிவந்தும் பலனில்லை. முதலாளி பேனாவை எடுத்தார், வைத்தார்.

"அப்ப, அது வந்து, ஒரு முடிவுன்னு பார்த்தா…"

"மாப்பிள்ளை" என்றார் அத்தை. "அந்தப் பதினாலாவது வரியில பேருக்குப் பக்கத்துல இன்னும் ஏதாவது எழுதியிருக்கா?"

"இருக்கு அத்தை. யாராவது ஒரு வரியை மாத்தினா இன்னொருத்தர் படிச்சுப் பார்த்து அனுமதிச்சாத்தான் உள்ளே சேரும். அனுமதிச்சவங்க பேர் இருக்கும்." சொல்லிக்கொண்டே போனவன் மடிக்கணினியைத் திறந்தான். முதல் பெயரைப் பார்த்த அதிர்ச்சியில் இரண்டாவது பெயரை அவன் படிக்கவே இல்லை.

படித்தான். வலது காது சிவக்க வேண்டிய அவசியம் இம்முறை இல்லை.

"அனுமதி கேட்டது பதினோரு மணி நாலு நிமிஷம் பத்து வினாடி" என்றான். "கட்டைவிரல் தூக்கினது பதினோரு மணி நாலு நிமிஷம் பதினாறு வினாடி. பேர்…" முதலாளியை ஏறிட்டுப் பார்த்தான். "சாரோடது."

"ஆறு வினாடி" என்றார் அத்தை. "அந்த மாற்றத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும் மாப்பிள்ளை?"

"எனக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு."

"உங்களை விடுங்க. மத்தவங்களுக்கு?"

"ஒரு நிமிஷம்."

முதலாளி சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அவர் எல்லாவற்றையும் அதிலேயே, நடந்துகொண்டே அனுமதிப்பவர் என்பது அலுவலகம் அறிந்ததுதான். கட்டைவிரல் படம் அவர் போனில் தேயும் அளவுக்கு அழுத்தப்படும். சீனியர் ஹெட்போனைக் கழுத்திலிருந்தே கழற்றிவிட்டார்.

"அப்புறம் பேசலாம்" என்றாள் டெஸ்டர் பெண். "முதல்ல பலகையைச் சரி பண்ணிடலாம். அந்த நர்ஸ் இன்னும் கத்திட்டு இருக்காங்க."

அவளே உட்கார்ந்தாள். பதினாலாவது வரியை அழித்து, டெஸ்ட் ஃபைல்களின் பெயர் எந்த மாதிரி முடியுமோ அதற்கு மட்டும் விலக்கு என்று எழுதினாள். மாப்பிள்ளை பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அத்தை அப்படி நிற்கச் சொல்லியிருந்தார். லின்டரை ஓட்டினாள்.

இருபத்தொரு நாள் கழித்து அது வாய் திறந்தது. நூற்றுப் பன்னிரண்டு அல்ல. மூன்று.

முதலாவது நாழி. இரண்டாவது, சீட்டு அச்சடிக்கும் ஃபைல். அது கூப்பிட்ட பேக்கேஜும் பட்டறையில்தான் இருந்தது. மூன்றாவது கூப்பிட்ட பேக்கேஜ் எந்தப் பட்டியலிலும் இல்லை. வேறு ஏதோ பேக்கேஜ் கூட்டி வந்த விருந்தாளி. அது போனால் இதுவும் போய்விடும்.

"சீட்டு அச்சு அடுத்த வாரம்தான் மருத்துவமனைகள்ல ஆரம்பிக்குது" என்றார் சீனியர். "போயிருந்தா…" அவரும் முடிக்கவில்லை. ஆனால் இம்முறை எல்லோருக்கும் மிச்சம் தெரிந்தது.

மூன்றையும் பெட்டிப் பட்டியலில் சேர்த்தார்கள். சோதிக்க வேண்டும். யார் கணினியில் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்த மாடி வீட்டில் என்ன ஒளிந்திருக்கிறதோ.

"இவங்களோடதுலயே பார்க்கலாம்" என்றான் மாப்பிள்ளை. "இந்த ஆபீஸ்லயே இப்ப நேர்மையான கணினி அதுதான். நான் துடைச்சு வெச்சது."

அத்தை மறுக்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அது கேடயம்.

டெஸ்டர் பெண் மேல் ஃபோல்டர் ஒவ்வொன்றையும் திறந்து காலியாக இருக்கிறதா என்று தானே பார்த்தாள். அவன் வைத்து எடுத்து விளையாடிய நாழி போய்விட்டதா என்று இரண்டு முறை பார்த்தாள். இறக்கினாள். ஓட்டினாள். பலகை எரிந்தது. முதலாளியின் கணினியில் எரிந்தது. வரவேற்பறையில் எரிந்தது. அந்த மாற்றம் அனுமதி கேட்டு முதலாளிக்குப் போனது. அவர் போனைக் கையில் எடுக்காமல், கணினியில் உட்கார்ந்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். நான்கு நிமிடம் ஆனது. நடுவில் "இது என்ன?" என்று ஒரு முறை கேட்டார். சீனியர் சொன்னார். பிறகு அனுமதித்தார்.

வெளியிட்ட இருபதாவது நிமிடம் காது மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. நர்ஸ் பேசினார், பேசினார் என்பதைவிடக் கிசுகிசுத்தார். ஐந்து நாள் கூவியதில் தொண்டை போயிருந்தது. பலகை எரிகிறதாம். மாப்பிள்ளைதான் எடுத்தான். "சத்தமா சொல்லுங்க, கேட்கலை" என்று மூன்று முறை சொல்லிவிட்டு, என்ன சொல்கிறோம் என்பது உறைத்து, "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா" என்று வைத்தான்.

திரும்பினால் டெஸ்டர் பெண் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். சார்ஜர், தண்ணீர் பாட்டில், பாதி சாப்பிட்ட டப்பா. யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் இருக்கவும் சொல்லவில்லை. மணி மூன்றே முக்கால்.

அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டார். "நம்ம வேலை முடிஞ்சுது மாப்பிள்ளை."

"உங்க வேலை முடிஞ்சுது அத்தை" என்றான் அவன்.

அவரிடம் இப்படிப் பேசியது முதல் தடவை. அத்தை அவனை ஒரு நொடி பார்த்தார். கைப்பையைக் கீழே வைத்தார்.

மாப்பிள்ளை நேராக முதலாளியின் அறைக்குப் போனான். கதவைத் தட்ட மறந்தான். வேறு எதையும் தட்டிவிடாமல் இருக்க இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"சார், காலையிலேருந்து உங்ககிட்ட நாலு கேள்வி கேட்டேன். உட்கார இடம், கழிப்பறை எங்கன்னு, இவங்களை அனுப்பப் போறீங்களான்னு, இன்னொண்ணு எனக்கே மறந்து போச்சு. ஒண்ணுக்கும் பதில் வரலை. இதுக்கு மட்டும் சொல்லிடுங்க. வெளியில அவங்க பையைக் கட்டிட்டு இருக்காங்க. திங்கட்கிழமை அவங்க வேலைக்கு வரணுமா, வேண்டாமா?"

முதலாளி ஜன்னலைப் பார்த்தார். மேசைமேல் கவிழ்ந்து கிடந்த போனைப் பார்த்தார். மாப்பிள்ளை காத்திருந்தான். காத்திருப்பு எட்டு நிமிடம் ஆனாலும் நிற்பதாக முடிவு செய்திருந்தான்.

எட்டு நிமிடம் ஆகவில்லை.

"வரணும்" என்றார் முதலாளி. "படிக்காம கட்டைவிரலைத் தூக்கினவன் இங்கேயே உட்கார்ந்துக்கிட்டு, எழுதினதை ஒத்துக்கிட்டவங்களை வெளியே அனுப்ப முடியாது. நானே போய்ச் சொல்றேன்."